கம்ப்யூட்டரைக் காலி செய்த மூவர்

கோவில்பட்டியில் புத்தியைப் பங்கு வைத்த அன்று கொம்பையா, சொரிமுத்து, மரியசெல்வம் மூவரும் வேலையில் இருந்தார்கள். யார் வீட்டு பீரோவையோ மூன்றாவது மாடிக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இறங்கி வருவதற்குள் அண்டா காலி. அதற்காக யாரும் பரிதாபப்பட வேண்டாம். தோளையும் முதுகையும் பங்கு வைத்த அன்று வரிசையில் முதலில் நின்றவர்கள் இவர்கள்தான்.

மூவருக்கும் முதலாளி சந்தனமாரி அக்கா. வீடு மாற்றித் தரும் கம்பெனி. ஒரு மினி லாரி, ஒரு குடோன், தெருக்கோடி வரை எட்டும் தொண்டை, இவ்வளவுதான் முதல். தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கிய கை, இன்று ஊரையே பெட்டியில் அடுக்குகிறது. அக்கா பேரம் பேசும் அழகே தனி. விலையைக் கேட்டதும் ஒரு சிரிப்பு. அப்புறம் எழுந்து செருப்பைத் தேடுவாள். இரண்டாவது செருப்பில் கால் நுழைவதற்குள் கடைக்காரன் பாதிக்கு இறங்கியிருப்பான். இறங்காதவனுக்குத் தொண்டை இருக்கிறது.

கொம்பையாதான் மேஸ்திரி. அக்கா சொன்னதைச் செய்ய வேண்டும், சொல்லாததைச் செய்யக் கூடாது. அவனுக்குத் தெரிந்த தொழில் இவ்வளவே. அதில் இம்மி பிசகியதில்லை. ஒருமுறை, "அடுப்பங்கரைல இருக்கிறது ஒண்ணு விடாம லாரில ஏத்திரணும்" என்று அக்கா சொல்லிவிட்டாள். அந்த நேரம் அங்கே உட்கார்ந்து வெங்காயம் அரிந்துகொண்டிருந்த வீட்டுக்காரரின் மாமியாரையும், அரிவாள்மணையோடு ஏற்றி, சிவகாசி வரை கொண்டுபோய் இறக்கி, கையெழுத்தும் வாங்கி வந்தவன் கொம்பையா. வெங்காயத்தில் ஒரு துண்டுகூடச் சிந்தவில்லை.

அப்பேர்ப்பட்டவனிடம் ஒரு வெள்ளிக்கிழமை காலை அக்கா ஒரு கம்ப்யூட்டரை ஒப்படைத்தாள்.

பழைய கம்ப்யூட்டர் ஒன்று குடோன் ஆபீஸில் பல வருஷமாகக் கிடந்தது. போட்டால் கிரைண்டர் மாதிரி இரையும். இடது விலாவில் நாலு அறை விட்டால்தான் கண்ணே திறக்கும். "இது இன்னைக்கோ நாளைக்கோ போயிரும்க்கா, உள்ள இருக்கிறதைப் புதுசுக்கு மாத்திருங்க" என்று கம்ப்யூட்டர் கடை செண்பகராஜ் சொன்னான். சொன்னதோடு நின்றிருக்கலாம். மாற்றிக் கொடுக்கத் தனியாகக் கூலி கேட்டான்.

"கூலியா?" என்றாள் அக்கா. "ஒரு ஊரு சட்டி பானைய இன்னொரு ஊருல கொண்டு சேக்கிறவ நான். ஒரு பொட்டிக்குள்ள இருக்கிறதை இன்னொரு பொட்டில போடுறதுக்கு எங்கிட்டயே கூலியா? அதை எம் பயலுவ பாத்துக்கிடுவானுவ."

செருப்பில் கால் நுழைந்தது. கடைசியில் செண்பகராஜ் புதுக் கம்ப்யூட்டரை விற்று, ஒரு கேபிளை இனாமாகக் கொடுத்து, செய்ய வேண்டியதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, கும்பிட்டு அனுப்பிவைத்தான்.

விஷயம் லேசானதில்லை. குடோனில் அப்போது மூன்று குடும்பத்துச் சாமான்கள் இருநூற்று எண்பத்தாறு அட்டைப் பெட்டிகளில் கிடந்தன. மொத்தமாகப் பேரம் பேசி வாங்கிய பெட்டிகள். ஒரே அளவு, ஒரே நிறம், மேலே நம்பர் மட்டும். எந்த நம்பர் யாருடையது, உள்ளே என்ன இருக்கிறது என்ற லிஸ்ட் பழைய கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருந்தது. அதில் இருபத்துமூன்று பெட்டிகள் ரிட்டயர்டு வாத்தியார் நல்லபெருமாள் சாருடையவை. மறுநாள் சனிக்கிழமை பத்தரை மணிக்கு அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம். பட்டுச் சேலை, வெள்ளிக் குத்துவிளக்கு, தாம்பாளம் எல்லாம் அந்த இருபத்துமூன்றில் எதிலோ.

"லிஸ்ட் போச்சுன்னா சாரு வீட்டு நிச்சயம் போச்சு. நிச்சயம் போச்சுன்னா எம் பேரு போச்சு. எம் பேரு போச்சுன்னா ஒன்னைய உசுரோட விடமாட்டேன் மேஸ்திரி" என்று வரிசையாகச் சொன்னாள் அக்கா. "நான் சாத்தூர்ல ஒரு வீடு பாத்துட்டு நாலு மணிக்கு வாரேன். தாள்ல இருக்கிறபடி செய்யி. வீடு மாத்துற மாதிரியே பொறுப்பாச் செய்யி."

"வீடு மாத்துற மாதிரியே" என்று கொம்பையா ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டான். சொல்லாமலே இருந்திருக்கலாம் அக்கா.

மூவரில் எழுத்துக் கூட்டிப் படிப்பவன் மரியசெல்வம். பத்தாம் வகுப்பை மூன்று தடவை எழுதியவன், ஆகவே மற்றவர்களைவிட மூன்று மடங்கு படித்தவன் என்று சொரிமுத்துவுக்கு அவன்மேல் மரியாதை. அவன் தாளை வாசித்தான்.

"ஒண்ணு. பழசையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல வைக்கவும். ரெண்டு. கேபிளை ரெண்டிலயும் சொருகவும். மூணு. ஆரம்பின்னு வந்ததும் அழுத்தவும். நாலு. நூறு சதவீதம் வர்ற வரைக்கும் யாரும் எதையும் தொடக் கூடாது. அஞ்சு. பழசுல எப்படி இருந்துச்சோ அப்படியே புதுசுலயும் இருக்கான்னு சரிபாக்கவும்."

சாமான் ஏற்றுமுன் எடை பார்ப்பது தொழில் வழக்கம். இரண்டு கம்ப்யூட்டரையும் குடோன் தராசில் ஏற்றினார்கள். பழசு ஒன்பது கிலோ இருநூறு. புதுசு ஆறு கிலோ நூறு. மரியசெல்வம் சுவரில் எழுதிவைத்தான். பிறகு பழசை மேஜைமேல் வைத்து, நாலு அறை விட்டு எழுப்பி, உள்ளே எவ்வளவு சரக்கு என்று பார்த்தான்.

"பதினாலாயிரத்து இருநூறு உருப்படி இருக்குண்ணே."

கொம்பையா கேபிளைக் கையில் எடுத்துப் பார்த்தான். எலி வால் தடிமன்.

"இது வழியாவா?"

"அப்படித்தான் போட்டிருக்கு."

"வளைவுல சிக்கிக்கிடாது?"

மூவரும் யோசித்தார்கள். குறுகலான மாடிப்படியில் சோபா செட் மாட்டிக்கொண்ட வேதனையெல்லாம் பட்டவர்கள். வளைவு எவ்வளவு பொல்லாதது என்று அவர்களுக்குத் தெரியும்.

"சரிவா வச்சா தன்னால இறங்கிரும்" என்றான் சொரிமுத்து. "லாரிலருந்து பலகை போட்டு உருட்டுவோம்லா."

"பக்கத்துல பக்கத்துலன்னுலா எழுதியிருக்கான்?" என்றான் மரியசெல்வம்.

"பக்கத்துலன்னுதான எழுதியிருக்கான்? மட்டமான்னு எழுதலையே" என்றான் கொம்பையா. மேஸ்திரி என்றால் சும்மாவா.

மேஜைமேல் இரண்டு பெட்டிகளை அடுக்கி உச்சியில் பழசை வைத்தார்கள். புதுசு கீழே தரையில். நடுவில் கேபிள் தொய்ந்தது. தொய்வில் சரக்கு தேங்கிவிடாமல் இருக்க சொரிமுத்து மண்டியிட்டு, கேபிளின் வயிற்றை உள்ளங்கையில் தாங்கிக்கொண்டான். மரியசெல்வம் ஆரம்பி என்பதை அழுத்தினான்.

ஒரு சதவீதம். இரண்டு சதவீதம்.

"சூடா இருக்குண்ணே" என்றான் சொரிமுத்து. "கூட்டமாப் போகுதுபோல."

"மெதுவாப் போகச் சொல்லு."

சொரிமுத்து கேபிளிடம் சொன்னான்.

பதினேழு சதவீதத்தில் கொம்பையாவின் செல்போன் அடித்தது. செல்போன் பழைய கம்ப்யூட்டரின் தலைமேல் இருந்தது. சாத்தூரிலிருந்து அக்கா. மரியசெல்வம் கையை நீட்டினான்.

"தொடாதல! நாலாவது என்ன எழுதியிருக்கு?"

"யாரும் எதையும் தொடக் கூடாது."

"பொறவு?"

போன் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. கொம்பையா அதன் எதிரில் போய்க் கைகட்டி நின்றான். "யக்கா, இப்பம் தொடக் கூடாதுன்னு தாள்லயே இருக்குக்கா. இருபது சதவீதம் வந்துட்டு. நீங்க சாத்தூர்ல நிம்மதியா இருங்க" என்று பணிவாகச் சொன்னான். போன் கேட்கவில்லை. பதினோரு தடவை அடித்தது. பதினோரு தடவையும் கொம்பையா மரியாதையாகப் பதில் சொன்னான். வரவர அக்காவுக்குக் கோபம் கூடுகிறது என்று அடிக்கிற சத்தத்திலேயே தெரிந்ததாம்.

பன்னிரண்டரை மணிக்கு நூறு சதவீதம் வந்தது. சொரிமுத்துவைத் தூக்கி நிறுத்தினார்கள். முழங்கால் நிமிர மறுத்தது. அதோடு இரண்டு கம்ப்யூட்டரையும் மறுபடி தராசில் வைத்தார்கள்.

பழசு ஒன்பது கிலோ இருநூறு. புதுசு ஆறு கிலோ நூறு.

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பதினாலாயிரத்து இருநூறு உருப்படி ஏறியிருக்கிறது. ஒரு கிராம் கூடவில்லை.

"வழில கொட்டிருச்சோ?" என்று சொரிமுத்து தன் இரண்டு உள்ளங்கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மேஜைக்கு அடியில் தேடினார்கள். ஒரு ஊக்கும் ஒரு செத்த கரப்பான்பூச்சியும் கிடைத்தன. மரியசெல்வம் இரண்டையும் எடுத்துப் பொட்டலம் கட்டி வைத்தான். பின்னால் கணக்குக் கேட்டால் காட்ட வேண்டுமே.

இரண்டு கம்ப்யூட்டரையும் மேஜைக்குக் கொண்டுவந்து திறந்து பார்த்தான் மரியசெல்வம். அவன் குரல் மாறியது.

"அண்ணே, புதுசுல எல்லாம் இருக்கு."

"அப்பாடா."

"பழசுலயும் எல்லாம் இருக்கு."

கொம்பையா உட்கார்ந்துவிட்டான். எத்தனையோ வீடு மாற்றியிருக்கிறான். புது வீட்டில் கட்டிலை இறக்கிவிட்டுத் திரும்பினால் அதே கட்டில் பழைய வீட்டிலும் கிடந்ததாகச் சரித்திரம் இல்லை.

"நம்ம சாமான் எது?" என்று கேட்டான்.

"பழசுல இருக்கிறதுதான். அக்கா வச்ச எடத்துலயே இருக்கு. அசையவே இல்ல."

"அப்ப புதுசுல இருக்கிறது?"

சொரிமுத்து மெல்ல, "வேற யாரோடதோ நம்ம இடத்துல வந்து இறங்கிட்டு போலண்ணே" என்றான்.

கொம்பையா துள்ளி எழுந்தான். அடுத்தவன் சாமானை நம் வீட்டில் இறக்கிக்கொள்வதைவிட இந்தத் தொழிலில் பெரிய அசிங்கம் கிடையாது. "நம்ம சாமானைப் போலவே இருக்கேண்ணே" என்றான் மரியசெல்வம். "அதுதாம்ல திருட்டுத்தனம். மொதல்ல வெளிய தள்ளு" என்றான் கொம்பையா. மரியசெல்வம் புதுசில் இருந்ததை ஒட்டுமொத்தமாக அழித்தான். புதுசு துடைத்த தரையாக ஆனது.

"இப்பம் நம்ம சாமானை வரச் சொல்லு."

"வரமாட்டேங்குதேண்ணே. பழகின இடம்லா."

"பழைய வீட்டுல இருக்க இடம் இருந்தா யாருதான் கிளம்புவான்? அங்க காலி பண்ணு. தன்னால வரும்."

மரியசெல்வம் பழசில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து அழிக்கும் பொத்தானை அழுத்தினான். நிச்சயமாக அழிக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டது.

"மரியாதை தெரிஞ்ச பொட்டி" என்றான் கொம்பையா. "ஆமான்னு சொல்லு."

"இனிமே திரும்பக் கிடைக்காதுன்னு சொல்லுதுண்ணே."

"காலி பண்ணின வீட்டுக்கு நாம எதுக்குத் திரும்பப் போகணும்? ஆமான்னு சொல்லு."

பழசும் துடைத்த தரையானது. கேபிளைச் சொருகி மறுபடி ஆரம்பி என்பதை அழுத்தினார்கள். கண்ணை மூடித் திறப்பதற்குள் நூறு சதவீதம் என்று வந்தது.

"பாத்தியா!" கொம்பையா தொடையைத் தட்டினான். "காலையில மூணு மணி நேரம். காலி பண்ணினதுக்குப் பொறவு ஒரு செக்கண்டு."

அஞ்சாவது உத்தரவு பாக்கி. பழசில் இருப்பது போலவே புதுசு. உள்ளே சரிபார்த்தார்கள். பழசில் ஒன்றும் இல்லை, புதுசிலும் ஒன்றும் இல்லை. அச்சு அசல். வெளியேதான் நிறைய வித்தியாசம். பழைய கீபோர்டில் ஏழாம் நம்பர் கட்டை கிடையாது, அக்கா பென்சிலால் குத்துவாள். புதுசில் ஏழைப் பிடுங்கினார்கள். பழைய திரையின் மூலையில் கருப்பாக ஒரு திட்டு. லாரிக்கு அடிக்கும் பெயிண்டால் புதுத் திரையில் அதே மூலையில் அதே அளவுக்குத் திட்டு வைத்தார்கள். பழசு அறைந்தால்தான் எழும்பும். புதுசோ தொட்டதும் எழும்பியது. இந்தக் கெட்ட பழக்கம் போகும்வரை சொரிமுத்து அதன் இடது விலாவில் அறைந்தான். ஒன்பதாவது அறைக்கு அது எழும்புவதையே நிறுத்திக்கொண்டது.

"இப்பம் சரி" என்றான் கொம்பையா.

நாலு மணிக்கு சந்தனமாரி அக்கா வந்தாள். "போனை ஏம்ல எடுக்கல?" என்று கேட்டுக்கொண்டே வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். பெயிண்ட் ஒழுகிய திரையைப் பார்த்தாள். பழசை நாலு அறை விட்டுத் திறந்து உள்ளேயும் பார்த்தாள். பிறகு அவள் பேசியதை அப்படியே எழுத முடியாது. மூவரின் பிறப்பு, வளர்ப்பு, தின்ற சோறு எல்லாம் அதில் வந்தன. எதிர்ச் சாரி டீக்கடையில் வடை போடுகிறவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். செண்பகராஜுக்குப் போன் போட்டாள். அழிந்ததை எடுக்க நாலு நாள் ஆகும், அதுவும் உறுதி இல்லை என்றான் அவன். அக்கா முதல் முறையாகப் பேரம் பேசாமல் போனை வைத்தாள்.

"இருபத்துமூணு பொட்டி. இருநூத்து எண்பத்தாறுல எது சாரு பொட்டின்னு யாருலே சொல்லுவா?" தொண்டை உடைந்தது.

"யக்கா, எதுக்குப் பதறுதீக?" என்றான் கொம்பையா. "லிஸ்ட் எடுக்காம ஒரு வீட்டைக் காலி பண்ணுவமா? அழிக்கிறதுக்கு முந்தி இருநூத்து எண்பத்தாறு வரியையும் மரியசெல்வம் நோட்டுல எழுதிட்டான்."

அக்கா மெல்ல நிமிர்ந்தாள். அந்தக் கணத்தில் அவள் மூவரையும் பெற்ற பிள்ளைகளாகப் பார்த்தாள் என்று டீக்கடைக்காரர் பிறகு சொன்னார்.

"எம் ராசா! எங்கலே நோட்டு?"

"பேக் பண்ணியாச்சு. சாமானைக் கைல வச்சுக்கிட்டுத் திரியலாமா? கொஞ்சம் இடம் இருந்த ஒரு பொட்டில போட்டு ஒட்டிட்டோம்."

"எந்தப் பொட்டி?"

"அது மறந்துரும்னுதான் நம்பரைக் குறிச்சு வச்சுட்டேன்கா" என்றான் மரியசெல்வம், பெருமையாக.

"எங்க குறிச்ச?"

"நோட்டுலதான். கடைசி வரி."

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "பிரி. எல்லாப் பொட்டியையும் பிரிச்சுக் கொட்டு" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஆபீஸில் போய் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்தாள்.

பதினோராவது பெட்டியிலேயே நோட்டு கிடைத்துவிட்டது. சொரிமுத்து அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு மீதி இருநூற்று எழுபத்தைந்தையும் பிரித்துக் கொட்டினான். எல்லாப் பெட்டியையும் என்றுதானே உத்தரவு. விளக்கு வைக்கும் நேரத்தில் நோட்டு அக்காவின் மடிக்கு வந்தது. அவள் எழுந்துபோய்க் குடோனைப் பார்க்கவில்லை. பார்க்கும் தெம்பு இல்லை. நோட்டைப் புரட்டினாள். ஒரு வரிகூட விடாமல் இருந்தது. நூற்று ஐந்தில் பட்டுச் சேலை. நூற்று ஒன்பதில் குத்துவிளக்கு. அவளுக்கு உயிர் வந்தது.

"மேஸ்திரி, நல்லாக் கேட்டுக்கோ. காலையில ஏழு மணிக்கு, இந்த நோட்டுல சாரு பேருல இருக்கிற இருபத்துமூணு நம்பர் பொட்டியையும் நல்லா ஒட்டி, சாரு வீட்டுல இறக்கணும். ஒரு நம்பர் மாறக் கூடாது. ஒண்ணுகூட உடையக் கூடாது. வேற எதுவும் நீ செய்யாத. உனக்குப் புண்ணியமாப் போகும்."

"வேற எதுவும் செய்யமாட்டேன் யக்கா" என்றான் கொம்பையா.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு இருபத்துமூன்று பெட்டிகளும் நல்லபெருமாள் சார் வீட்டில் இறங்கின. ஒரு நம்பர் மாறவில்லை. நோட்டை வைத்து சாரே சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டார். அக்கா அப்போதுதான் மூச்சு விட்டாள். மூவரும் ஆளுக்கு நாலு பெட்டியாக ஒரே கையில் தூக்கி வந்ததைப் பார்த்து, பயலுவளுக்குப் புத்தி இல்லாவிட்டாலும் பலம் இருக்கிறது என்று அவளுக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. அடுப்பங்கரையில் சமையல் ஆட்கள் அடைத்துக்கொண்டதால், பெட்டிகளை அப்புறம் பிரிக்கலாம் என்று கூடத்தில் அடுக்கினார்கள்.

பத்தரை மணிக்குக் கூடம் நிறைந்தது. மாப்பிள்ளை வீட்டிலிருந்து வேனில் நாற்பது பேர். பத்திரிகை வாசித்தார்கள். பெண்ணை உட்காரவைத்தார்கள். "சேலைய எடுங்க, நேரம் ஆச்சு" என்றார் மாப்பிள்ளையின் தாய்மாமன். சார் பெருமிதத்தோடு நூற்று ஐந்தாம் பெட்டியைச் சபை நடுவில் வைத்து, டேப்பைக் கிழித்து, இரண்டு கையையும் உள்ளே விட்டார்.

கைகள் உள்ளே துழாவின. முழங்கை வரை போயின. வெறுங்கையாகத் திரும்பி வந்தன.

சார் நூற்று ஒன்பதைப் பிரித்தார். நூற்றுப் பத்தைப் பிரித்தார். சார் அக்காவைப் பார்த்தார். நாற்பது பேரும் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா, வாசலில் கைகட்டி நின்ற கொம்பையாவைப் பார்த்தாள்.

கொம்பையா பணிவாக முன்னால் வந்தான். நூற்று ஐந்தாம் பெட்டியைத் தூக்கிக் கவிழ்த்தான். காதருகே வைத்துக் குலுக்கினான். சபைக்கு நாலு பக்கமும் திருப்பிக் காட்டினான். அவன் முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தீகளா யக்கா? ஒண்ணுகூட உடையல."